பெரியம்மாவின் பசுவை நான் கூப்பிட்ட நாள்

ஊர்ச்சங்கத்தார் மலர் வெளியிடப் போகிறார்களாம். ஐயாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கடிதம் போட்டிருக்கிறார். தலைப்பையும் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார்: 'இறங்குதுறை தந்த தலைவர்'. படம் ஒன்றும் வேண்டுமாம். குடையோடு நிற்கிற படம் இருந்தால் விசேஷமாம். நல்ல மனிதர், என்னைவிட இருபது வயது இளையவர். என் தகப்பனாரை அவர் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இறங்குதுறைக் கல்லில் வெட்டியிருந்த பெயர்தான்.

நீங்கள் கண்டிருக்கிறீர்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே லோஞ்சுப் படகில் வாந்தி எடுத்தவர்கள், ஒரே ஆசிரியரிடம் அடி வாங்கியவர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்டதில்லை. கலியாண வீடுகளில் பக்கத்தில் வந்து இருப்பீர்கள், மூட்டுவலி பற்றிக் கதைப்பீர்கள், பேச்சு மாடு கன்று பக்கம் திரும்பினால் ஒருவர் சட்டென்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார். நான் கவனித்திருக்கிறேன். மலருக்கு வேண்டியதை வேறு யாராவது எழுதட்டும். இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

தீவின் பெயரை எழுதப் போவதில்லை. உங்களுக்கு அது தேவையில்லை, மற்றவர்களுக்கு வேண்டாம். நெடுந்தீவைப் போலவே தட்டையான நிலம், முருகைக்கல் அடுக்கிய மதில்கள், மழை பெய்தால் பச்சை, பெய்யாவிட்டால் உப்பும் புழுதியும். வெளிச்சமான நாளில் நயினாதீவுக் கோபுரம் தெரியும். அது போதும்.

கிராமச்சபைகள் இருந்த காலம் அது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது ஐயா இரண்டாவது முறையாகச் சபைத் தலைவராக இருந்தார். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் இல்லை. சேர்மன் என்றால் அவர்தான். முதல் தேர்தலில் அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. அன்றிலிருந்து வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடையைக் கையில் பிடித்தபடிதான் வெளியே போவார். காற்று அடிக்கிற நாளில் அந்தக் குடையோடு அவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் படலையில் வந்து நிற்பார்கள்.

அவர் நல்லதே செய்யவில்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இறங்குதுறை வருவதற்கு முன்னர் வள்ளத்திலிருந்து இறங்குகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில்தான் இறங்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்களைக் கதிரையில் இருத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். ஐயா யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நடையாய் நடந்தார். கடைசியில் சீமெந்து வந்தது. கல் சுமந்த ஆட்களோடு தானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கல் சுமந்தார். அவருடைய தோளில் உரிந்த தோலுக்கு அம்மா தேங்காயெண்ணெய் பூசியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தோளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது. அதனால்தான் மற்றதை எழுத இவ்வளவு காலம் எடுத்தது.

சேர்மனின் பிள்ளையாக இருப்பது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணற்றில் பெண்கள் வரிசையாகக் குடங்களோடு நிற்பார்கள். நான் போனதும் யாராவது ஒருவர், "சேர்மன்ர பிள்ளை, நீ முதல் அள்ளு," என்று வழிவிடுவார். நான் ஒருமுறையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னே போய் அள்ளிக்கொண்டு வருவேன். வரிசையில் பின்னால் நின்றவர்களில் பெரியம்மாவின் மகளும் ஒருத்தி. என் வயதுதான் அவளுக்கும்.

பெரியம்மா என்றால் ஐயாவின் பெரியப்பா மகனுடைய மனைவி. அவருடைய புருசன், என் பெரியப்பா, கடலில் போய்த் திரும்பவில்லை. அவருடைய வளவும் எங்கள் வளவும் ஒரே மதிலின் இரண்டு பக்கம். அந்த மதிலில் ஒரு இடத்தில் நான்கைந்து கற்கள் சரிந்து ஒரு பொட்டு விழுந்திருந்தது. நான் வீட்டில் இருந்ததைவிட அந்தப் பொட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததுதான் அதிகம். எங்கள் வீட்டில் எப்போதும் ஆட்கள், கடதாசி, முத்திரை, வெற்றிலைத் தட்டம். பெரியம்மா வீட்டில் இரண்டு ஆடு, ஒரு பசு, அவர்கள் இருவர். பசுவின் பெயர் சிவப்பி. பெரியம்மா பால் கறக்கும்போது நானும் மகளும் ஆளுக்கொரு பேணியோடு குந்தியிருப்போம். நுரையோடு சூடாகத் தருவார். சாணமும் புகையும் கலந்த ஒரு வாசம் அந்தப் பாலில் இருக்கும்.

எங்கள் தீவில் மாடுகளைக் கட்டி வளர்க்கிற வழக்கம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் அவிழ்த்துவிட்டால் வெளியில் போய் மேயும். மாலையில் அந்தந்த வீட்டுப் பெண்கள் மதிலடியில் வந்து நின்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கூப்பாடு. ஒரு வீட்டுக் கூப்பாட்டுக்கு அடுத்த வீட்டு மாடு காதைக்கூட அசைக்காது. பெரியம்மா, "வா பிள்ளை, வா பிள்ளை," என்று இரண்டு தரம் குறுக்கிக் கூப்பிடுவார். மூன்றாவதாக ஒரு 'வா'வை நீளமாக இழுத்து, முடிவில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சொடுக்குப் போடுவார். அந்தச் சொடுக்கு இல்லாமல் சிவப்பி வராது. எங்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் இருவரும் சிவப்பியும் மூன்று பக்கத்தாலிருந்தும் ஓடி வருவோம். பெரியம்மா சிரிப்பார்.

அந்தக் கூப்பாட்டை நான் பழகிக்கொண்டேன். சொடுக்கு வர எனக்கு ஒரு மாதம் எடுத்தது. மகளுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. பெரியம்மாதான் என் தாடையைப் பிடித்து, நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். ஒருநாள் நான் கூப்பிட்டுச் சிவப்பி வந்தது. "என்ர தொண்டையைக் களவெடுத்துப் போட்டாள்," என்று பெரியம்மா பகிடியாகச் சொன்னார்.

அடுத்தது குறி. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், எழுத்தை வாசிக்கும் முன்னரே நாங்கள் மாட்டுக்குறியை வாசித்தவர்கள். மாட்டின் பின்தொடையில் இரும்பைக் காய்ச்சிச் சுடுகிற குறி. வேல் இன்ன வீடு, மீன் இன்ன வீடு. அண்ணன் தம்பி பிரிந்து குடித்தனம் போனால் மூத்தவர் தகப்பனின் குறியை வைத்துக்கொள்வார், இளையவர் அதிலே ஒரு கோடு கூட்டிக்கொள்வார். பெரியப்பா வீட்டுக் குறி கவிழ்த்து வைத்த பிறை. எங்கள் பாட்டனார் இளையவர் என்றபடியால் அந்தப் பிறைக்குக் கீழே நெட்டுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டார். பார்த்தால் குடை மாதிரி இருக்கும். ஐயாவுக்குக் குடைச் சின்னம் கிடைத்தபோது, ஊர்க்கோயில் அம்மாளாச்சி பார்த்துத் தந்தது என்று ஊரே சொன்னது.

பிறைக்கு ஒரு கோடு இழுத்தால் குடை. அந்த ஒரு கோட்டில்தான் எல்லாம் நடந்தது.

பிறர் தோட்டத்துக்குள் புகுந்து மேய்கிற கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைப்பதற்குச் சபைக்கு ஒரு பட்டி இருந்தது. உயர்ந்த மதில், ஒரு படலை, ஒரு காவல்காரர். உடையவர் வந்து குற்றம் கட்டி மீட்டுக்கொண்டு போகலாம். குறித்த நாளுக்குள் யாரும் வராவிட்டால் மாடு சபைக்குச் சொந்தம். முதலில் அது தேவையான காரியமாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, ஐயாவை எதிர்த்து வாக்குப் போட்டவர்களின் மாடுகள்தான் அதிகமாகப் பிடிபட்டன. மாடுகள் புகுவதற்கென்றே தோட்ட மதில்களில் தானாகப் பொட்டு விழுந்தது. மீட்கப் போனவர்களுக்கு, அப்படி ஒரு மாடு வரவே இல்லை என்று சொல்லப்பட்டது. ஊர்காவற்றுறைப் பக்கம் போகிற பெரிய வள்ளம் ஒன்று வாரத்துக்கு இரண்டு தரம் ஐயாவின் இறங்குதுறைக்கு வரத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு இரண்டு புதுக் கதிரையும் கண்ணாடி வைத்த அலுமாரியும் வந்தன. நான் அலுமாரிக் கண்ணாடியில் முகம் பார்த்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை கேட்குமா என்று நீங்கள் சொல்வீர்கள். பெரியம்மாவின் மகளும் பத்து வயதுதான், அவள் என்னிடம் கேட்டாள்.

சிவப்பி ஒரு மாலை வரவில்லை. பெரியம்மா மதிலடியில் நின்று இருட்டும்வரை கூப்பிட்டார். மறுநாள் பட்டியில் போய்க் கேட்டார், இல்லை என்றார்கள். மற்றவர்களாக இருந்தால் அழுதுவிட்டு இருந்திருப்பார்கள். அவர் நேரே அரசாங்க ஊரலுவலரான விதானையாரிடம் போய் முறைப்பாடு எழுதிக்கொடுத்தார். அப்படி எழுதிக்கொடுத்த முதல் ஆள் அவர்தான். அவருடைய முறைப்பாடு நின்றால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள் என்று ஐயாவுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சிவப்பி எங்கள் வளவில் வேப்பமரத்தடியில் கட்டி நின்றது. என்னைக் கண்டதும் கழுத்தை நீட்டியது. நான் ஓடிப்போய்த் தடவினேன். தொடையில் பிறைக்குக் கீழே ஒரு கோடு. பிறை பழையது, மயிர் மூடி வெளிறிப்போய் இருந்தது. கோடு சிவந்து நீர் வடிந்தது. சாம்பலும் எண்ணெயும் பூசியிருந்தார்கள். அதன் மேல் இலையான் மொய்த்தது. குறி வாசிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு நொடியில் விளங்கும். எனக்கும் விளங்கியது. எனக்கு விளங்கவில்லை என்று ஐம்பது வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது எடுபடவில்லை.

விசாரணைக்கு ஊர்காவற்றுறையிலிருந்து சார்ஜன்ட் வந்தார். அது எங்கள் குறிதான், கோடு மங்கிப்போனதால் எங்கள் குறிக் கம்பியைச் சரித்து அதை மட்டும் மறுபடி சுட்டோம் என்று ஐயா சொன்னார். கோடு புதிது என்று பெரியம்மா சொன்னார். சார்ஜன்ட் வெளியூர் ஆள், அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்போது ஊர்ப் பெரியவர்கள் எங்கள் தீவின் பழைய வழக்கத்தைச் சொன்னார்கள். குறியில் சண்டை வந்தால் மாட்டை நடுவெளியில் விட்டு, இரண்டு வீட்டுப் பெண்களும் முறைக்கு முறை கூப்பிட வேண்டும். ஆண்கள் கூப்பிடக்கூடாது. மாடு எந்தக் குரலுக்குப் போகிறதோ அந்த வீட்டு மாடு. சார்ஜன்டுக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் காலை பள்ளிக்கூட வெளியில் என்று முடிவாயிற்று.

ஐயா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்தவர், மாட்டுக்குக் கிட்டப் போகமாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் மாட்டுப் பயம் இருக்கவில்லை.

"இஞ்சருங்கோ, என்னால ஏலாது. அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நான் நிண்டு கூப்பிடமாட்டன்."

ஐயா சத்தம் போடவில்லை. குசினி வாசலில் நின்றபடி திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொடுக்குப் போடுவதை அவர் எப்போது கேட்டாரோ தெரியாது. கிட்ட வந்து குந்தி இருந்தார். சேர்மன் என் உயரத்துக்குக் குந்தியது அதுதான் முதல் தரம்.

"பிள்ளை, நீ கூப்பிட்டா வரும் என்ன?"

"ஓம்."

"நாளைக்கு ஐயாவுக்காண்டி ஒருக்காக் கூப்பிடு. ஐயாவின்ர மரியாதை உன்ர கையிலதான் கிடக்கு."

அவர் எனக்கு ஒன்றும் வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் இன்று அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறியிருப்பேன். என் காதில் விழுந்ததெல்லாம், ஊர் முழுக்கப் பார்க்க நான் நடுவெளியில் நிற்கப் போகிறேன் என்பதுதான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போய் எந்தச் சட்டை போடுவது என்று பார்த்தேன். ஆம், அதைத்தான் செய்தேன்.

மறுநாள் நீங்களும் அங்கே இருந்தீர்கள். பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். பனைகளின் பக்கம் ஆண்கள், மதிலோரம் பெண்கள், மதிலின் மேலே நீங்கள். சிவப்பியைப் பட்டிக் காவல்காரர் நடுவில் கொண்டுபோய் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு பக்கம் ஐயா குடையோடு, அவருக்கு முன்னால் நான். எதிர்ப்பக்கம் பெரியம்மா, அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மகள். சார்ஜன்ட் எங்கள் பக்கத்தை முதலில் கூப்பிடச் சொன்னார். என்னைக் கண்டதும் பெரியம்மாவின் முகத்தில் முதலில் ஒரு ஆறுதல் வந்தது. நான் தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் யாருக்காக நிற்கிறேன் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வா பிள்ளை, வா பிள்ளை," என்று கூப்பிட்டேன். மூன்றாவதை நீட்டினேன். சொடுக்குப் போட்டேன். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அது எனக்கு வந்ததில்லை.

சிவப்பி காதை நிமிர்த்தியது. பிறகு நேரே என்னிடம் நடந்து வந்து, தலையைக் குனிந்து என் வயிற்றில் முட்டியது. மதிலோரம் பெண்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். ஐயாவின் கை என் தலைமேல் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் அப்போது வரவில்லை, மெள்ள மெள்ளத்தான் வந்தது, வந்தது இன்றுவரை போகவில்லை.

"பிள்ளை, இது உங்கட மாடோ?" என்று சார்ஜன்ட் குனிந்து கேட்டார்.

"ஓம்."

பிறகு பெரியம்மாவின் முறை. மாட்டைத் திரும்ப நடுவில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் கூப்பிட்டிருந்தால் சிவப்பி அவரிடமும் போயிருக்கும், அது எனக்கும் தெரியும். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியம்மா மாட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பவும் திறந்தார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மகள் மட்டும் போகப் போகத் திரும்பிப் பார்த்தாள். கள்ளிக்கு வாய் அடைத்துவிட்டது என்று ஆண்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நீங்கள் சிலர் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் பெரியம்மாவின் மகள் என் வாங்கிலிருந்து எழுந்து பின்வாங்குக்குப் போய்விட்டாள். ஆசிரியர் ஏன் என்று கேட்டார். காற்று வரவில்லை என்றாள். மதில் பொட்டு ஒரே நாளில் கல் அடுக்கி அடைபட்டது. அந்தப் பக்கத்திலிருந்துதான் அடுக்கியிருந்தார்கள். பெரியவர்களின் கையால் அடுக்கிய கல் ஒழுங்காக இருக்கும். அது கோணல்மாணலாக இருந்தது.

சிவப்பியின் பாலை அம்மா தொடவில்லை. வேலைக்கு வந்த பெண் கறந்து கொண்டுவந்து வைத்தால் நாய்க்கு ஊற்றினார். ஐயா கண்டும் காணாமல் இருந்தார்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். கரையோரத்தில் எங்கோ ஒரு வள்ளத்தைப் பிடித்தார்களாம், அதற்குள் உப்புப் போட்ட மாட்டுத் தோல்கள் இருந்தனவாம், தோலை உட்பக்கம் புரட்டிப் பார்த்தால் பழைய சூடு வேறாகவும் புதுச் சூடு வேறாகவும் தெரிந்ததாம் என்றெல்லாம் கதை வந்தது. ஒருநாள் காலை அதே சார்ஜன்ட் இரண்டு பொலிஸ்காரரோடு வீட்டுக்கு வந்தார். ஐயா கடதாசிகளை எடுத்துக் காட்டினார். குறிச் சூட்டுக் கம்பியைக் கேட்டபோது, பரண் மேலிருந்து எங்கள் கம்பியையும் எடுத்துக் கொடுத்தார். வளைவும் கோடும் சேர்ந்த ஒரே இரும்பு, முழுக் குடை. சார்ஜன்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஐயாவிடமே கொடுத்தார். எழும்பிப் போகிற நேரம் ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு குசினிப் பக்கம் வந்து நெருப்புக் கேட்டார்.

அம்மா அடுப்படியில் இருந்தார். பக்கத்தில் கொள்ளி கிண்டுகிற ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. அதன் நுனியில் ஒரு தணலை ஏற்றி நீட்டினார். சார்ஜன்ட் சுருட்டைப் பற்றவைத்தார். பிறகு கம்பியை வாங்கி, தணலைத் தட்டிவிட்டு நுனியைப் பார்த்தார். ஒரு விரல் நீளத்தில் நேர்க்கோடு. வளைவு இல்லை, வெறும் கோடு மட்டும். தன் மாட்டுக்கே குறி சுடுகிறவனுக்கு முழுக் கம்பி போதும். கோட்டை மட்டும் தனியாகச் சுடவேண்டிய தேவை யாருக்கு வரும்? எங்கள் வீட்டில் விறகு கிண்ட அகப்பைக்காம்புகூட இருந்தது. அம்மா தெரிந்து நீட்டினாரா, தெரியாமல் நீட்டினாரா என்று அவர் சாகும்வரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஐயாவை இறங்குதுறை வழியாகத்தான் கொண்டுபோனார்கள். வேறு வழியும் இல்லை. விலங்கு தெரியாமல் கைகளின் மேல் சால்வையைப் போட்டிருந்தார்கள். குடையை அவரால் பிடிக்க முடியாது என்பதால் ஒரு பொலிஸ்காரர் அதை விரித்து அவருக்குப் பிடித்துக்கொண்டு போனார். ஊர்ச்சனம் இரண்டு பக்கமும் நின்றது. தான் சுமந்த கல்லில் கால் வைத்து நடந்துபோய் ஐயா லோஞ்சில் ஏறினார். குடை அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. பொலிஸில் கிடந்ததோ, கடலில் விழுந்ததோ தெரியாது. குடையோடு ஐயா போகிற படமாக என் மனதில் இருப்பது அந்த ஒன்றுதான், செயலாளருக்கு அதை எப்படி அனுப்புவது?

வழக்கு ஊர்காவற்றுறையில் நடந்தது. என்னைக் கண்டால் ஐயாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டிக் காவல்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஐயாவுக்காக வாதாடிய அப்புக்காத்துக்கு மிஞ்சியிருந்தது சிவப்பி ஒன்றுதான். பள்ளிக்கூட வெளியில் நடந்ததைச் சொல்லி, மாடு சேர்மனின் பிள்ளையிடம் தானாகவே போனது, நீர் கூப்பிடவே இல்லை, ஏன் என்று பெரியம்மாவைக் கேட்டார். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். பெரியம்மா சாட்சிக் கூட்டில் நின்று என்னைக் கண்டுகொண்டார். இந்தப் பிள்ளை என் வீட்டில் பழகின கூப்பாடு அது, அவள் பொய் சொன்னாள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அடுத்ததாக என்னைத்தான் அந்தக் கூட்டில் ஏற்றியிருப்பார்கள்.

"அண்டைக்கு எனக்குத் தொண்டை கட்டிப் போச்சுது ஐயா," என்றார் பெரியம்மா.

அவ்வளவுதான். எத்தனை முறை எப்படித் திருப்பிக் கேட்டும் அதையேதான் சொன்னார். தன் பசு போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் அதைச் சொல்லியிருப்பார். ஆனால் கம்பி இருந்தது, தோல்கள் இருந்தன. ஐயாவுக்கு இரண்டு வருடம் மறியல், சிறைக்குப் போனார். நாற்காலியும் போனது. திரும்பி வந்தபோது மெலிந்து, வெறுந்தலையோடு வெயிலில் நடந்தார். குற்றத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. என்னை ஒரு தரம் மட்டும், "நீ ஒண்டும் யோசியாத பிள்ளை," என்றார். அது எனக்குப் போதவில்லை.

சிவப்பியை நீதிமன்றத் தீர்ப்போடு பெரியம்மாவிடம் கொடுத்தார்கள். பிறைக்குக் கீழே இருந்த கோட்டை யாராலும் எடுக்க முடியாது. சாகும்வரை எங்கள் குடையைத் தொடையில் சுமந்துகொண்டுதான் அது அவருடைய வளவில் நின்றது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அந்தப் பசு திரும்பிப் போன முதல் மாலை, பெரியம்மா எப்போது கூப்பிடுவார் என்று நான் மதிலுக்கு இந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரலைக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. குரல் வரவில்லை. தகரப் பேணியைத் தட்டுகிற சத்தம் வந்தது. டக், டக், டக். சிவப்பிக்கு அது என்னவென்று தெரியாது. தூரத்தில் நின்று மேய்ந்துகொண்டே இருந்தது. பெரியம்மா தட்டினார், தட்டினார், இருட்டுப்படும்வரை தட்டினார். கடைசியில் மகள் கயிற்றோடு போய் இழுத்துக்கொண்டு வந்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். பேணிச் சத்தத்துக்குச் சிவப்பி தானாக வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒரு மாதமும், ஒரு 'வா பிள்ளை'யில் முடிகிற காரியத்துக்கு அந்த மனுசி பேணி தட்டினார். நான் வாயில் எடுத்த கூப்பாட்டை அவர் பிறகு தன் வாயில் வைக்கவில்லை. மாட்டை மட்டுமில்லை, மகளைக்கூட அப்படிக் கூப்பிடவில்லை. கலியாணம் முடித்து நான் தீவைவிட்டுப் போகும்வரை ஒவ்வொரு மாலையும் அந்தப் பேணிச் சத்தத்தைக் கேட்டேன்.

ஒரு நாள், மூன்றாவதோ நான்காவதோ மாலை, சிவப்பி மதிலுக்குக் கிட்ட நின்றது. அந்தப் பக்கம் பேணி தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. நான் மெல்ல ஒரு சொடுக்குப் போட்டிருந்தால் போதும், அது வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியபடியே நின்றேன். சிவப்பி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது, கூப்பிடுவேன் என்று.